சோர்வுக்கு ஒரு சீனக் கஷாயம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பேசும் பொருளை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார் நமது செயலாளர். நான் வைத்தியம் பயில்பவனல்லன். பல்கலைக்கழகத்திலே சரித்திரம் பயிலும் மாணவன். ஆயினும் இன்று மாலை ஒரு மருந்தைப் பற்றியே உங்கள் முன் பேசத் துணிந்திருக்கின்றேன். உண்ட உணவு செரியாமையும் அதனோடு வரும் உடற்சோர்வும் நீங்கும்பொருட்டுச் சீன தேசத்திலே 13ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட கஷாயம் அது. 'பு சொங் யி சி தாங்' என்பது அதன் பெயர். முன்வரிசையில் இரண்டொருவர் புன்னகை செய்வது தெரிகின்றது. சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டால் பெயரின் விநோதம் நீங்கிவிடும். 'பு' நிரப்புதல்; 'சொங்' நடு; 'யி' பெருக்குதல்; 'சி' உயிராற்றல்; 'தாங்' கஷாயம். நடுவை நிரப்பி ஆற்றலைப் பெருக்கும் கஷாயம் என்க.

நான் படித்த மிசன் பாடசாலையின் நூல்நிலையத்திலே சீனத்தைப் பற்றிய நூல்கள் இரண்டோ மூன்றோதான் இருந்தன; அவையும் பாதிரிமாரின் பயண நூல்கள். ஆகவே இக்கதை எனக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே தெரியவந்தது. இம்மருந்தின் சரக்குகளைக் காட்டிலும் அது பிறந்த இடமே என் மனத்தை முதலிற் பற்றிக்கொண்டது. பிணங்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு நகரத்தின் வாயில்களிலே அது பிறந்தது.

ஆண்டு 1232. வடசீனத்தை அப்போது ஆண்டவர்கள் ஜின் வம்சத்தார். மஞ்சள் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள கைபெங் நகரம் அவர்களுடைய தலைநகர். சுபுத்தாய் என்னும் தளபதியின் கீழ் மங்கோலியர் படை வந்து அந்நகரை வளைத்தது. சுற்றுப்புறக் கிராமத்து மக்களெல்லாம் மதிலுக்குள்ளே புகுந்து நெருங்கிக் கிடந்தனர். மதிலின் மேலிருந்து வெடிமருந்து நிறைத்த இரும்புக் குண்டுகளை ஜின் வீரர் எறிந்தனர் என்று வரலாறு கூறுகின்றது. கடுந்தாக்குதல் பதினைந்து நாள் வரை நடந்தது. பின்னர்ச் சமாதானப் பேச்சு நடந்து படை பின்வாங்கியது. அப்பாடா என்று நகரம் மூச்சுவிட்ட வேளையிலேதான் நோய் தொடங்கிற்று.

ஜின் வம்சத்தின் அரச வரலாறு, ஐம்பது நாளில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் வாயில்களால் வெளியேறின என்றும், அடக்கம் செய்ய வழியற்ற ஏழைகள் இக்கணக்கிற் சேரவில்லை என்றும் கூறுகின்றது. அந்நகரத்துள்ளேயே இருந்து கண்ணாற் கண்ட வைத்தியர் ஒருவரும் தம் கணக்கை எழுதிவைத்திருக்கின்றார். வாயில்கள் பன்னிரண்டு, ஒவ்வொரு வாயிலாலும் நாளொன்றுக்குக் கூடினால் 2,000, குறைந்தால் 1,000, இப்படி ஏறத்தாழ மூன்று மாதம். இத்தொகைகளை அப்படியே நம்பவேண்டுமென்பதில்லை. பழைய காலத்தார் எண்களிலே தாராளமுடையவர்கள். நம்முடைய பரணி நூல்களைப் படித்த பெரியோர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆனால் ஒரு மாநகரம் அழிந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வைத்தியரின் பெயர் லீ காவ். தொங்யுவான் என்னும் சிறப்புப் பெயராலும் அவரைக் குறிப்பர். 1180இல் ஹெபெய் மாகாணத்துச் சென்திங் என்னும் ஊரிலே பெருஞ்செல்வர் குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய தாயார் நோயுற்றபோது பல வைத்தியர்கள் வந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்கள். என்ன வியாதி என்று எவரும் தெளிவாக அறியாமலே தாயார் இறந்துபோனார். அந்தத் துயரத்திலே மகன் பெரும்பொருள் கொடுத்து, சாங் யுவான்சு என்னும் புகழ்பெற்ற வைத்தியரிடம் மாணவனாகச் சேர்ந்தார். கற்றாரேயன்றி வைத்தியத்தைப் பிழைப்பாகக் கொள்ளவில்லை. வரி அதிகாரியாக உத்தியோகம் பார்த்தார். 1202இல் முகமும் தலையும் வீங்கி மக்கள் இறக்கும் ஒரு தொற்றுநோய் பரவியபோது அவர் வகுத்த மருந்தை ஊரார் கல்லிலே பொறித்துவைத்தனர் என்பர். 

கைபெங் முற்றுகையின்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. அங்கே அவர் கண்டது என்ன? காய்ச்சலோடு கிடந்தவர்களை அக்காலத்து வைத்தியர்கள் எல்லாரும் ஒரே கண்கொண்டு பார்த்தார்கள். காய்ச்சலென்றால் வெளியேயிருந்து குளிர் புகுந்துவிட்டது, புகுந்ததைத் துரத்தவேண்டும். அதற்கு அவர்களிடம் வழிகள் இருந்தன. சிலர் வியர்வை மருந்து கொடுத்தனர். சிலர் நேர்வாளங் கொடுத்துப் பேதியாக்கினர். வேறு சிலர் ரேவற்சின்னிக் கிழங்கு சேர்ந்த கஷாயத்தாற் குடலைக் கழுவினர். (நேர்வாளத்தின் வேகம் இங்குள்ள பெரியோர்களுக்குத் தெரியும். ரேவற்சின்னி என்னும் பெயரிலுள்ள 'சின்னி' என்பது சீனத்தையே குறிக்கும். பாரசீகத்தார் வாயிலாக நம் பெட்டகத்துக்கு வந்த பெயர்.) மருந்து கொடுத்த பின் நோயாளிகளுக்கு நெஞ்சு அடைத்தது, உடல் மஞ்சளித்தது, இறந்தனர்.

லீ காவ் கேட்ட கேள்வி மிக எளியது. இத்தனை இலட்சம் மக்களும் ஒரே நேரத்திற் குளிர் தாக்கியா வீழ்ந்தார்கள்? முற்றுகை நாட்களில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள் என்கின்றார். உணவு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. இரவு பகலாக மதில் காத்தும் கல் சுமந்தும் உழைத்தார்கள். அச்சம் ஒரு கணமும் நீங்கவில்லை. மாதக்கணக்கிற் குடல் வெறுமையாய்க் கிடந்தது. பின்பு முற்றுகை நீங்கியதும் கிடைத்ததை அள்ளி வயிறு புடைக்க உண்டார்கள். முன்னரே நலிந்த வயிறு அதனைத் தாங்கவில்லை. இவர்களுடைய காய்ச்சல் உள்ளே ஆற்றல் வற்றியதால் எழுந்தது; அதற்குப் பேதி கொடுப்பது, வெறுமையான களஞ்சியத்தைத் திருடன் புகுந்த வீடென்று கருதி இடித்து நொறுக்குவது போலாகும். இவ்வுவமை என்னுடையது, கருத்து அவருடையது. இறந்தோரிற் பலரை மருந்தே கொன்றது என்று அவர் அஞ்சாமல் எழுதினார்.

பின்னர் 1247இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அகத்தே பிறந்த நலிவையும் புறத்தேயிருந்து வந்த நோயையும் பிரித்தறிவது எப்படி என்பதே அதன் முழுப்பொருள். அதிலே அவர் கூறும் அடையாளங்கள் எந்தக் கருவியும் வேண்டாதவை. உள்ளங்கை சுட்டுப் புறங்கை சுடாதிருந்தால் அகநோய். புறங்கை சுட்டு உள்ளங்கை சுடாதிருந்தால் புறநோய். நோயாளியின் பேச்சைக் கேள். குரல் கனத்து வலிந்து வருமாயின் புறநோய். பேசவே மனமின்றி ஈனக்குரலில் இழுத்திழுத்துப் பேசுவானாயின் அகநோய். சோற்றின் சுவை நாவுக்குத் தெரிகின்றதா என்று கேள். மூக்கடைத்திருந்தாலும் சுவை தெரிந்தால் ஒன்று. உணவின் மணமே வெறுப்பாய், சுவையே தெரியாவிட்டால் மற்றொன்று. இன்றைய வைத்தியர்கள் இவற்றை நம்பி மருந்து எழுதமாட்டார்கள், எழுதவுங் கூடாது. என்றாலும் கட்டிலருகே அமர்ந்து, கையைத் தொட்டு, குரலைக் கேட்டு, என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்த ஒருவரை இவ்வரிகளிலே நாம் காண்கின்றோம்.

இனிக் கஷாயத்துக்கு வருவோம். சரக்குகள் எட்டு. முதல்வன் ஹுவாங் சி என்னும் மஞ்சள் நிற வேர்; அவரைக் குடும்பத்துச் செடியின் வேர் அது. அடுத்து ஜின்செங், பை சு என்னும் கிழங்கு, அதிமதுரம், தாங் குயி, சாய் ஹு என்னும் இரண்டும் நம் கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பத்தவை, சங் மா என்பது இன்னொரு வேர், இறுதியாக நாட்பட உலர்த்திய தோடம்பழத்தோல். தோல் எவ்வளவு பழையதோ அவ்வளவு சிறந்தது என்பர் சீனர். எல்லாவற்றையும் இடித்து, இரண்டு கிண்ணம் நீர் ஒரு கிண்ணமாக வற்றக் காய்ச்சி, இளஞ்சூடாகப் பருகவேண்டும். நம் பாட்டிமார் கஷாயம் வைக்கும் முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமையில்லை. கவனிக்கத்தக்கது அளவு. லீ காவ் குறித்த எட்டுச் சரக்கும் சேர்ந்து ஏறக்குறைய 10 கிராம் வரும். இன்று சீன வைத்தியர் பலர் ஹுவாங் சி ஒன்றையே அதிலுங் கூடுதலாக இடுகின்றனர். நலிந்த வயிற்றுக்கு மருந்தும் ஒரு பாரமே என்று அவர் எண்ணினார் போலும்.

இந்த எட்டிலே ஜின்செங், பை சு, அதிமதுரம் என்னும் மூன்றும் அதற்கு முந்திய ஒரு பழைய மருந்திலிருந்து வந்தவை. அதன் பெயரைக் கேளுங்கள்: 'நான்கு சான்றோர் கஷாயம்'. கொன்பூசியஸ் மரபில் 'சுன்சு' எனப்படும் பண்பாளனை நம் 'சான்றோன்' என்ற சொல்லாற் சுட்டுவது பொருந்தும். சான்றோனுக்கு இலக்கணம் மிதம். இந்நான்கு சரக்கும் கடுஞ்சூடோ கடுங்குளிர்ச்சியோ இல்லாதவை, ஒன்றையொன்று அடக்காதவை. ஆதலால் அப்பெயர். நான்காமவர் பைன் மர வேரைப் பற்றி நிலத்தடியில் வளரும் பூஞ்சணக் கட்டி. பெயர் பு லிங். அது நீரைக் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றும் இயல்புடையது. லீ காவ் ஆற்றலை மேலே எழுப்ப விரும்பினார். ஆகவே அந்தச் சான்றோரை அவர் அழைக்கவில்லை என்று உரைகாரர் விளக்குவர். நால்வர் கஷாயம் இடம்பெற்ற கையேடு சொங் வம்சத்து அரசாங்க மருந்தகங்களுக்குரியது. அம்மருந்தகங்களில் முதலாவது 1076இல் திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? இதே கைபெங் நகரத்திலே. அந்நாளில் அது சொங் மன்னரின் தலைநகர். மக்களுக்கு அரசு மருந்து விற்ற நகரம், 156 ஆண்டு கழித்து அப்படி மடிந்தது.

'நடு' என்று மருந்தின் பெயரிலே வருவது வயிற்றையும் 'பீ' என்னும் உறுப்பையும். பீ என்பதை மண்ணீரல் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் உடலை அறுத்துப் பார்க்கும் வைத்தியர் சொல்லும் மண்ணீரலுக்கும் சீனர் சொல்லும் பீக்கும் தொழிலிலே ஒற்றுமை மிகக் குறைவு. உணவைச் சாரமாக்கி உடலெங்கும் அனுப்பும் தொழிலையே அவர்கள் அச்சொல்லாற் குறித்தனர். ஐம்பொருட் கொள்கையில் அதற்கு உரியது மண். பயிர் விளைவது மண்ணிலாதலின், மண் கெட்டால் மற்றெல்லாம் கெடும் என்பது லீ காவின் வாதம். நம் தமிழிலும் அவ்வுறுப்பின் பெயரில் மண் இருப்பது ஓர் அழகிய ஒற்றுமை. அதற்குமேல் அதிற் பொருள் தேட நான் முற்படவில்லை; அப்படித் தேடி நாம் பல கூட்டங்களிலே நேரத்தைச் செலவிட்டாயிற்று.

லீ காவ் சொன்னது முழுவதும் சரியா? கைபெங்கிலே பரவியது எலியுண்ணியால் வரும் பிளேக் நோயாயிருக்கலாம் என்று கருதும் சரித்திராசிரியர் இன்று இருக்கின்றனர். அது மெய்யாயின் எந்தக் கஷாயமும் அந்நகரைக் காத்திராது. ஆனாலும் அவர் கண்டதில் ஒரு பாதி பிற்காலத்திலே கசப்பான முறையில் உறுதிப்பட்டது. 1945இல் ஜெர்மனியின் பெல்சன் சிறைமுகாமை விடுவித்த பிரித்தானியப் படையினர், எலும்புந்தோலுமாய்க் கிடந்தவர்களுக்கு இரக்கத்தினாலே தம்முடைய இராணுவ உணவைக் கொடுத்தார்கள். அதை உண்டு பலர் இறந்தார்கள். பட்டினியால் நலிந்த உடலுக்குத் திடீரென வரும் உணவே நஞ்சாகும் என்பதை இன்று மருத்துவக் கல்லூரிகளிலே படிப்பிக்கின்றார்கள். அதன் காரணம் இரத்தத்தில் பொஸ்பேற்று முதலிய உப்புக்கள் திடுமெனக் குறைவது. மண்ணும் பீயும் அதிலே வருவதில்லை. காரணம் வேறு, கட்டிலருகே கண்ட காட்சி ஒன்றே.

யப்பானிலே இக்கஷாயம் இன்றும் வழக்கிலிருக்கின்றது. அங்கே அதன் பெயர் 'ஹோச்சூ எக்கி தோ'. 1976 முதல் இத்தகைய பல பழைய மருந்துகள் அந்நாட்டு அரசாங்கச் சுகாதாரக் காப்புறுதியிற் சேர்க்கப்பட்டன. மேனாட்டு முறையிற் பட்டம் பெற்ற வைத்தியரே அவற்றை எழுதிக் கொடுக்கின்றார். பெட்டிகளில் எண் இட்டிருப்பர். ஒரு பெரிய கொம்பனியின் வரிசையில் இது 41. சான்றோர் நால்வரோடு தோடம்பழத்தோல் முதலியன சேர்ந்த 'ஆறு சான்றோர்' மருந்து 43. இந்த ஆறு சான்றோரைப் பற்றித்தான் ஆராய்ச்சி நிரம்ப நடந்திருக்கின்றது. வயிற்றிலே சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் பொருளை 1999இல் கண்டுபிடித்தவர்களும் யப்பானியரே. புற்றுநோய் மருந்தால் எலிகளின் பசி கெடும்போது குறையும் அக்கிரெலினை ஆறு சான்றோர் மருந்து மீட்கின்றது என்று 2008இல் அங்குள்ள ஆய்வாளர் காட்டினர். மனிதரிடத்தே நடந்த பரிசோதனைகள் பெரும்பாலும் சிறியன. கண்ட பயனும் மிதமானதே. இதைக்கொண்டு முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்குவது நியாயமன்று.

வாலிப நண்பர்களே, இங்கே உங்களிடம் சற்று உரிமையோடு பேச விரும்புகின்றேன். பரீட்சைக் காலத்திலே நம்மிற் பலருக்குச் சோர்வு வருகின்றது. ஜின்செங் என்று பொன்னெழுத்திற் பொறித்த போத்தல்களும் வில்லைகளும் கடைகளிலே விற்கின்றன. வேர் என்றால் தீங்கில்லை என்று எண்ணி விழுங்குகின்றோம். இந்தக் கஷாயத்திலுள்ள அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் தொண்டைக்கட்டுக்கு மெல்லுவது. 1946இல் ஒல்லாந்து தேசத்து வைத்தியர் ஒருவர், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு உண்டவர்களிற் சிலருக்கு உடல் வீங்குவதைக் கண்டு எழுதினார். அளவு மிஞ்சினால் அது உடலில் உப்பைத் தேக்கி, பொற்றாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பிரஷருக்கு மருந்து உண்ணும் பெரியோர்கள் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

இதனிலும் கொடியது பெயர் மயக்கம். 1993இல் பெல்ஜியம் தேசத்து வைத்தியர்கள் ஒரு செய்தி வெளியிட்டனர். மெலிவதற்கென ஒரு சீன மூலிகை சேர்ந்த வில்லை உண்ட இளம் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. ஆராய்ந்தபோது, 'பாங் சி' என்ற பெயரில் இரண்டு வேர்கள் சந்தையிலுண்டு என்றும், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று சேர்ந்துவிட்டது என்றும் தெரிந்தது. சேர்ந்தது அரிஸ்டொலோக்கியா இனத்து வேர். நம் ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம். இவற்றிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குவது. பரம்பரையாக வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு வேரைப் பாதுகாப்பானதென்று கொள்ளலாமா என்பதை நாட்டு வைத்தியத்தில் ஈடுபாடுடைய பெரியோர்களின் சிந்தனைக்கே விடுகின்றேன்.

லீ காவ் நம் முன் இருந்தால் மருந்தைப் பின்னுக்குத் தள்ளி முதலிற் கேள்வி கேட்பார் என்பது என் துணிபு. காலையில் என்ன உண்டாய்? இரவு எத்தனை மணிக்கு உறங்கினாய்? எதற்கு அஞ்சுகின்றாய்? வெறுந்தேநீரும் ஒரு பணிசும் உண்டு நான்கு மணிநேரம் உறங்குபவனுக்கு அவர் எட்டுச் சரக்கை வீணாக்கியிருக்கமாட்டார். உண்டும் உறங்கியும் சோர்வு நீங்காதவனுக்கோ இன்று நாம் அவரிலும் அதிகம் செய்யலாம். இரத்தசோகை, நீரிழிவு, கழுத்துச் சுரப்பியின் குறை, காசம், மனத்தளர்ச்சி இவற்றில் எதுவும் அதற்குக் காரணமாகலாம். ஒரு துளி இரத்தம் சொல்லும் செய்தியை உள்ளங்கைச் சூடு சொல்லாது. காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, கஷாயம் வைக்க அடுப்பு மூட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1249இல் அவர் எழுதிய 'பீயும் வயிறும்' என்னும் நூல் மருந்துகளோடு முடியவில்லை. கடைசிப் பக்கங்களிலே உடலைப் பேணுதல், ஆசையை அகற்றுதல் என்பன பற்றிச் சிறு கட்டுரைகள் வருகின்றன. இறுதியில் வருவது பேச்சைக் குறைத்தல் பற்றியது. அதிகம் பேசினால் உயிராற்றல் வற்றும் என்பது அவர் கொள்கை. சொற்பொழிவாற்ற வந்தவனுக்கு அது சற்றுச் சங்கடமான அத்தியாயம். ஆகவே இன்னும் ஒன்று மாத்திரம் சொல்லி அமர்கின்றேன்.

முதுமையில் ஊர் திரும்பிய லீ காவ், தம் கல்வியை ஒப்படைக்க ஒருவரைத் தேடினார். லுவோ தியான்யி என்னும் ஏழை இளைஞரை நண்பர் ஒருவர் அழைத்து வந்தார். பணம் தேடும் வைத்தியனாக வந்தாயா, கல்வியைப் பரப்பும் வைத்தியனாக வந்தாயா என்று கிழவர் கேட்டார். பரப்பவே வந்தேன் என்றார் இளைஞர். உணவும் உறையுளும் கிழவரே கொடுத்தார். மூன்றாண்டு கழிந்தபின், குடும்பக் கவலையாற் படிப்பு இடையில் நின்றுவிடுமோ என்று அஞ்சி, மாணவனின் மனைவி மக்களுக்காக வெள்ளியும் கொடுத்தார். 1251இல் இறக்குந் தறுவாயிலே தம் ஏடுகளை வகைவகையாக அடுக்கி அவர் கையில் ஒப்படைத்தார். லுவோ அவற்றைப் பதிப்பித்தார். பின்னாளில் அவர் மங்கோலியப் பேரரசின் அரண்மனை வைத்தியரானார், படைகளோடும் சென்றார். கைபெங் நகரை வளைத்தவர்களின் பேரர்களும் படைவீரர்களும் உணவு செரியாமற் சோர்ந்து கிடந்தபோது, அந்நகரத்து வாயில்களிலே பிறந்த மருத்துவத்தை அவர்களுக்குச் செய்தவர் அந்த மாணவரே.